பாசிட்டிவ் என்றாலே நோயா?

கேள்வி: 60 வெண்பன்றிகள் வளர்க்கிறேன். நான்கு மாதம் முன்பு எல்லாவற்றுக்கும் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்று. இப்போது 10 பன்றிகளின் ரத்தத்தை எலிசா பரிசோதனைக்குக் கொடுத்தோம். எட்டு ‘பாசிட்டிவ்’ என்று அறிக்கை வந்திருக்கிறது. பன்றிகள் நன்றாகத்தான் தீவனம் எடுக்கின்றன. கழித்துவிட வேண்டுமா? – வாசகர், நாமக்கல்

பதில்: அவசரப்பட்டுக் கழிக்காதீர்கள். அந்தச் சோதனை தேடுவது வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. நாம் போடும் தடுப்பூசியில் வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. ஊசியாலும் எதிர்ப்பொருள் வரும், நோயாலும் வரும். எலிசாவால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஊசி போட்ட, காய்ச்சல் இல்லாத மந்தையில் எட்டு பாசிட்டிவ் என்றால் ஊசி பிடித்திருக்கிறது என்றே கொள்ளலாம். விசாரிக்க வேண்டியது மீதி இரண்டைத்தான். ஊசி போடும்போது விட்டுப்போயினவா? கரைத்த மருந்து ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்ததா?

அறிக்கையில் தடுப்புச் சதவீதம் (Blocking %) என்று ஓர் எண் இருக்கும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் கூடினால் இதுவும் கூடும்; தடுப்பூசி தரும் பாதுகாப்பின் அளவு அல்ல. பரவலாகப் புழங்கும் ஒரு சோதனைக் கிட்டில் 40-ம் அதற்கு மேலும் பாசிட்டிவ். 30-ம் அதற்குக் கீழும் நெகட்டிவ். இடையில் வந்தால் சந்தேகம். சந்தேகமானால் அதே பன்றியில் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுங்கள். மாடு, செம்மறி ஆடுகளோடு ஒரே கொட்டிலில் வளரும் பன்றிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: மாடு, ஆடுகளைத் தாக்கும் இதே இனத்து வைரஸ்களும் இந்தச் சோதனையை ஏமாற்றக்கூடும். அப்போது, எதிர்ப்பொருள் எந்த வைரஸை முடக்குகிறது என்று பார்க்கும் வைரஸ் நடுநிலையாக்கல் சோதனைதான் முடிவு சொல்லும்.

(மனிதர்களுக்கு வரும் பன்றிக் காய்ச்சல் வேறு வைரஸ். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.)

கேள்வி: ஊசியே போடாத நான்கு வாரக் குட்டிகளும் பாசிட்டிவ். எப்படி?

பதில்: தாய்க்கு ஊசி போட்டிருப்பீர்கள். சீம்பாலோடு வந்த எதிர்ப்பொருள் அது. ஆறு முதல் எட்டு வாரம் வரைகூட இருக்கும். அதற்குள் குட்டிக்கு ஊசி போட்டால் தாயின் எதிர்ப்பொருளே மருந்தை அடித்துவிடும்.

கேள்வி: ரத்த மாதிரி ‘கெட்டுவிட்டது’ என்று ஆய்வகம் திருப்பிவிட்டது. என்ன தவறு?

பதில்: ரத்த அணு உடைந்து ஊநீர் (சீரம்) சிவந்திருக்கும். சிவப்பு மூடிக் குழாயில் 3 முதல் 5 மி.லி. எடுங்கள். சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவரோரமாக மெதுவாக வடியவிடுங்கள். ஊசி வழியே பீய்ச்சினால் அணு உடையும். குலுக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் சாய்த்து வையுங்கள். உறைந்தபின் பிரியும் மஞ்சள் ஊநீரை வேறு குழாயில் மாற்றி ஐஸ் பேக்கில் அனுப்புங்கள். முழு ரத்தத்தை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. குழாயில் பன்றியின் காது எண், வயது, ஊசி போட்ட தேதி மூன்றும் இருக்கட்டும். தேதி இல்லாத அறிக்கையை வைத்து மருத்துவரால் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலையும் இந்த எலிசாவிலேயே பார்க்கலாமா?

பதில்: முடியாது, அது வேறு வைரஸ்; அதற்குத் தனிக் கிட். மேலும், திடீரென்று சாகும் பன்றியில் எதிர்ப்பொருள் உருவாகவே நேரமிருக்காது. நெகட்டிவ் வந்ததென்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். காய்ச்சலோடு காது நீலம் பாரித்தால் ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் (ரத்தம் உறையாமல் வைக்கும் குழாய்) ரத்தம் எடுத்து, வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனை செய்ய வேண்டும். அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு பன்றியையும் விற்காதீர்கள்.