ஏபிளா, ஐபிளா? ஸ்பெல்லிங் போட்டிக் கேள்வி–பதில்

கேள்வி: சொல்லின் கடைசியில் ஏ-பி-எல்-இ வருமா, ஐ-பி-எல்-இ வருமா என்று என் மகள் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறாள். எவ்வளவு தெளிவாக உச்சரித்துக் காட்டினாலும் பிடிபடவில்லையே?

காதை நம்புவதால்தான் பிடிபடவில்லை. இந்தப் பின்னொட்டில் அழுத்தம் விழுவதில்லை. அழுத்தம் விழாத உயிரெழுத்து, ஏ-யோ ஐ-யோ எதுவானாலும், ஆங்கிலப் பேச்சில் ஒரே மங்கலான 'அ' போலத் தேய்ந்துவிடும். இந்த ஒலிக்கு 'ஷ்வா' என்று பெயர். 'விஸிபிலிட்டி', 'ப்ராபபிலிட்டி' என்று சொல்லை நீட்டிப் பார்ப்பதாலும் பயனில்லை. அழுத்தம் 'பில்' மீது போய் உட்கார்ந்துகொள்ளும்; நமக்கு வேண்டிய எழுத்து அப்போதும் மங்கலாகவே இருக்கும்.

அதனால் சொல்லின் அடியைப் பார்க்கப் பழக்குங்கள். முதலில் பின்னொட்டை மூடிவிட்டு, மிச்சம் இருப்பது தனியாக நிற்கிற ஆங்கிலச் சொல்லா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'அக்செப்டபிள்' என்பதில் 'அக்செப்ட்' நிற்கிறது. 'டிபென்டபிள்' என்பதில் 'டிபென்ட்' நிற்கிறது. இவற்றுக்கு ஏ. 'விஸிபிள்', 'எடிபிள்', 'ஹாரிபிள்' ஆகியவற்றில் மிச்சம் இருப்பது தனித்து நிற்காது. இவற்றுக்கு ஐ.

அடி தனித்து நிற்காவிட்டால் அடுத்த சோதனை: 'ஏஷன்' என்று முடியும் உறவுச்சொல் உண்டா? அங்கே ஏ-யின் மேல் அழுத்தம் விழுவதால் அது பளிச்சென்று கேட்கும். 'அப்ளிகேஷன்' இருப்பதால் 'அப்ளிகபிள்' என்பதில் ஏ. 'டாலரேஷன்' இருப்பதால் 'டாலரபிள்' என்பதிலும் ஏ. 'பெர்மிஷன்', 'டிவிஷன்' என்று ஏ இல்லாமல் முடிந்தால் 'பெர்மிஸிபிள்', 'டிவிஸிபிள்' என ஐ.

மூன்றாவது சோதனை சி, ஜி எழுத்துகளுக்கு. அடியின் கடைசியில் ஜி-க்கு 'ஜ' ஒலியும் சி-க்கு 'ஸ' ஒலியும் இருந்தால் பெரும்பாலும் ஐ: 'லெஜிபிள்', 'டான்ஜிபிள்', 'இன்வின்ஸிபிள்'. சி-க்கோ ஜி-க்கோ 'க' ஒலி இருந்தால் ஏ: 'நேவிகபிள்'. 'நோட்டீஸபிள்', 'மேனேஜபிள்' இரண்டிலும் ஏ வந்தாலும் மென்மையான ஒலி கெடக் கூடாது. அதற்காகத்தான் முன்னால் இருக்கும் இ எழுத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதிகமாக விட்டுவிடுவது இந்த இ எழுத்தைத்தான். 'யூஸபிள்', 'டிஸைரபிள்' போன்றவற்றில் அந்தத் தேவை இல்லாததால் இ போய்விடுகிறது.

இனி விதிவிலக்குகள். முழுச்சொல் இருந்தும் ஐ வாங்குபவை: ஃப்ளெக்ஸிபிள், அக்ஸஸிபிள், கன்வெர்ட்டிபிள், கொலாப்ஸிபிள், கன்டெம்ப்டிபிள், கரப்டிபிள், டைஜெஸ்டிபிள். முழுச்சொல் இல்லாமலும் ஏ வாங்குபவை: கேப்பபிள், ப்ராபபிள், இன்எவிட்டபிள், ஃபார்மிடபிள். இந்த இரண்டு வரிசைகளையும் சுவரில் ஒட்டி வையுங்கள். எதுவுமே கைகொடுக்காவிட்டால் ஏ என்று சொல்வதே மேல். ஆங்கிலத்தில் புதிது புதிதாகச் சொல் பிறப்பிக்கும் பின்னொட்டு அதுதான். ஐ வகை பெரும்பாலும் லத்தீனிலிருந்து வந்த பழைய கூட்டம். அது அநேகமாக வளர்வதில்லை.

கேள்வி: 'அக்கரன்ஸ்' என்ற சொல்லில் சி இரண்டு, ஆர் இரண்டு, பிறகு இ. 'ப்ரெஃபரன்ஸ்' என்பதில் மட்டும் ஆர் ஏன் ஒன்று?

அழுத்தம் நகர்ந்துவிடுவதுதான் காரணம். 'அக்கர்' என்ற வினையில் அழுத்தம் கடைசி அசையில். 'அக்கரன்ஸ்' ஆன பிறகும் அது அங்கேயே நிற்கிறது. அதனால் ஆர் இரட்டிக்கிறது. 'ப்ரெஃபர்' என்ற வினையிலும் அழுத்தம் கடைசியில்தான். ஆனால் 'ப்ரெஃபரன்ஸ்' ஆகும்போது அது முதல் அசைக்கு ஓடிவிடுகிறது, ஆர் இரட்டிக்காது. அதே வினை 'ப்ரெஃபர்ட்' என இறந்தகாலம் ஆகும்போது அழுத்தம் கடைசியிலேயே இருப்பதால் இரண்டு ஆர். 'ரெஃபர்' வினையை வைத்தும் இதைச் சோதித்துப் பாருங்கள்.

இப்படிக் கடைசி அசையில் அழுத்தம் பெற்று 'அர்' ஒலியில் முடியும் வினைகள் பெரும்பாலும் இ-என்-சி-இ வாங்கும். இந்த முடிவுகளில் ஏ-யா இ-யா என்ற சந்தேகத்துக்கு 'ஏஷன்' சோதனை இங்கும் உதவும்: 'டாமினேஷன்' என்றால் 'டாமினன்ட்' ஏ. 'கான்ஃபிடென்ஷியல்' என்பதில் 'டென்' தெளிவாக ஒலிப்பதால் 'கான்ஃபிடன்ட்' இ. 'பெர்ஸிவியரன்ஸ்', 'ரெஸிஸ்டன்ஸ்' இரண்டும் ஏ, மனப்பாடம்தான் வழி.

கேள்வி: 'சீட்' என்று ஒலிக்கும் முடிவுகளுக்கு விதி உண்டா?

உண்டு, சின்னதுதான். 'எக்ஸீட்', 'ப்ரொஸீட்', 'ஸக்ஸீட்' மூன்றில் மட்டும் இரட்டை இ. 'ஸூப்பர்ஸீட்' ஒன்றில் மட்டும் எஸ்: மற்றவை லத்தீனில் 'செல், விட்டுக்கொடு' என்ற வினையிலிருந்து வந்தவை, இது 'உட்கார்' என்ற வினையிலிருந்து வந்தது. 'ரிஸீட்' (பின்வாங்கு), 'ப்ரிஸீட்' (முந்து), 'கன்ஸீட்' (ஒப்புக்கொள்) போன்ற எல்லாவற்றுக்கும் சி-இ-டி-இ. 'ப்ரொஸீஜர்' என்ற பெயர்ச்சொல்லில் இரட்டை இ கிடையாது; அங்கே கவனம்.

கேள்வி: 'இடியோஸின்க்ரஸி' என்பதில் கடைசியில் சி போட்டுத் தோற்றுவிட்டேன். 'டெமாக்ரஸி' சி-தானே?

இரண்டும் வெவ்வேறு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தவை. 'டெமாக்ரஸி', 'ஆட்டாக்ரஸி' ஆகியவற்றின் வேர் 'ஆட்சி, வலிமை' என்ற பொருளுடையது, அவற்றுக்கு ஓ-சி-ஆர்-ஏ-சி-ஒய். 'இடியோஸின்க்ரஸி' என்பதன் வேர் 'கலவை': ஒருவருக்கே உரிய குணக்கலவை. அதில் 'ஸின்' பகுதிக்கு ஒய், முடிவில் ஏ-எஸ்-ஒய். 'எக்ஸ்டஸி', 'அபாஸ்டஸி' இரண்டும் ஏ-எஸ்-ஒய், 'ஹிப்பாக்ரஸி' ஐ-எஸ்-ஒய். பொருளைக் கேட்டவுடன் 'இது ஆட்சி பற்றியதா?' என்று யோசியுங்கள். இல்லையென்றால் எஸ் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: மேடையில் என்ன கேட்பது? வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது?

பொருள், சொல்வகை, மூலமொழி, எடுத்துக்காட்டு வாக்கியம் இவற்றைக் கேட்க அனுமதி இருந்தால் நான்கையும் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். சொல்வகையே விடையைத் தந்துவிடும் இடங்கள் உண்டு. 'மியூகஸ்' பெயர்ச்சொல் என்றால் யு-எஸ், பெயரடை என்றால் ஓ-யு-எஸ். 'காலஸ்', 'ஃபாஸ்ஃபரஸ்' இரண்டுக்கும் இதே கதை. ஒலியில் துளி வித்தியாசம் இருக்காது.

வீட்டில் தொடங்குமுன் போட்டியின் அகராதி எது என்று பாருங்கள். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் தேசியப் போட்டிக்கு மெரியம்-வெப்ஸ்டரின் அன்அப்ரிட்ஜ்ட் அகராதி. பிரிட்டிஷ் வழக்கில் 'டிபென்டன்ட்' பெயர்ச்சொல்லுக்கு ஏ, பெயரடைக்கு இ. அமெரிக்க வழக்கில் இரண்டுக்குமே இ போதும். அகராதி மாறினால் விடையும் மாறும்.

பயிற்சியில் சிறிய பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். 'லிக்விஃபை', 'ப்யூட்ரிஃபை', 'ரேரிஃபை', 'ஸ்டுபிஃபை' ஆகியவை இ-எஃப்-ஒய் என்று தெரிந்தால், அன்றாடம் புழங்கும் மற்றவை ஐ-எஃப்-ஒய் என்று எழுதலாம். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். ஒருவர் வாசிக்க, பிள்ளை எழுத வேண்டும். எழுதிய பிறகு சந்தேக எழுத்தை வட்டமிட்டு, ஏன் அந்த எழுத்து என்று ஒரு வரி சொல்ல வேண்டும். தவறான வடிவத்தைப் பலகையில் எழுதி 'இது சரியா?' என்று கேட்காதீர்கள். கண் அந்தத் தவறையும் பதித்துக்கொள்ளும். தவறிய சொல்லை மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் திரும்பக் கேளுங்கள்.