கல்யாணப் பத்திரிகையில் ஒரு கிரீடம்: கைவேலை டீச்சர் பதில்கள்

ஆவணி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கிருஷ்ணர் வேஷத்தைப் பற்றித்தான் இருக்கும். மீதியில் பிள்ளையாரும் கொலுவும். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துப் பால்வாடியில் 27 வருஷம் இருந்தவள் நான். பசையும் கத்தரிக்கோலும் அத்துப்படி, காசு செலவழிக்கத்தான் தெரியாது. என் பதில்களும் அந்த மாதிரிதான் இருக்கும்.

கே: டீச்சர், என் மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். கிருஷ்ண ஜெயந்திக்குப் பையன்கள் எல்லோரும் கிருஷ்ணர் வேஷத்தில் வர வேண்டும் என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள். வாடகைக் கடையில் ஒரு நாளைக்கு 500 ரூபாய், அதுபோக 1,000 ரூபாய் முன்பணம். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மாசக் கடைசி வேறு. இன்னும் ஐந்தே நாள்தான். எனக்குக் கைவேலை சுத்தமாக வராது. (ஒரு வாசகி, திண்டுக்கல்)

ப: ஐந்து நாள் தாராளம். உங்களுக்குக் கைவேலை வராதது இன்னும் வசதி. கைவேலை வருகிற அம்மாக்கள்தான் பிள்ளையை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, தானே எல்லாவற்றையும் செய்து முடிப்பார்கள். நானே அப்படித்தான் இருந்தேன். என் பையன் ஒன்றாவது படிக்கும்போது ராத்திரி ஒரு மணி வரை விழித்து தெர்மாகோலில் கிரீடம் செய்தேன். ஜிகினா, முத்து, கல் எல்லாம் வைத்தாயிற்று. அவனை ஒரு கல்கூட ஒட்ட விடவில்லை. மேடையேறி அரை நிமிஷம் ஆகியிருக்காது, கழற்றிக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். போட்டோவில் மொட்டைத்தலைக் கிருஷ்ணர்தான் இருக்கிறார். அவனுக்கும் அந்தக் கிரீடத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் செய்தது, நான்தான் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். (அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவதற்கு 2022 ஜூலை முதல் நாடு முழுக்கத் தடை. அதனால் அந்த வழி இப்போது அடைத்தாயிற்று, நல்லதாகப் போயிற்று.)

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் நாள், பீதாம்பரம். அவருடைய பழைய வெள்ளை வேட்டியில் பாதி போதும். ஆனால் பருத்தியாக இருக்க வேண்டும், பாலியெஸ்டரில் மஞ்சள் பிடிக்காது. பழைய பாத்திரம் ஒன்றில் துணி முங்கும் அளவு தண்ணீர் கொதிக்க வைத்து, மூன்று பெரிய ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு, நனைத்துப் பிழிந்த துணியை அதில் அரை மணி ஊற விடுங்கள். ஆறிய பிறகு பிழிகிற வேலை பையனுடையது. கை மஞ்சளாகும், தரை மஞ்சளாகும், இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். நிழலில் காயப் போடுங்கள், வெயிலில் மஞ்சள் வெளுத்துவிடும்.

இரண்டாம் நாள்தான் வேடிக்கை. அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஆப்பசோடாவைக் கரையுங்கள். ஒரு பாட்டில் மூடியை அதில் தொட்டுத் துணியின் ஓரத்தில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். மஞ்சள் துணியில் அந்த வட்டம் மட்டும் சிவந்து வரும். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கிறதே, அதே சங்கதிதான். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வம்பு, அதனால்தான் ஆப்பசோடா. வட்டம் பக்கத்தில் வட்டம் என்று கரை முழுக்கப் போடுவான். கோணலாகத்தான் போகும். நீங்கள் நேராக்கப் போகாதீர்கள். வியர்த்தால் உடம்பில் கொஞ்சம் மஞ்சள் இறங்கும், குளித்தால் போய்விடும். மற்ற துணியோடு மட்டும் சேர்த்துத் துவைத்துவிடாதீர்கள்.

கிரீடத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம். பீரோ மேலே கல்யாணப் பத்திரிகைகள் இருக்குமே? தங்கக் கலரில் பிள்ளையாரும் மயிலும் போட்டு, கெட்டி அட்டையில், தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருப்போமே, அதுதான். ஒரு நூலை அவன் நெற்றியைச் சுற்றி அளந்து, அதற்கு மேல் இரண்டு அங்குலம் கூட விட்டு, சேலை டப்பா அட்டையில் ஒரு பட்டை வெட்டுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்குத் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் வரும். பத்திரிகையிலிருந்து தங்கத்துண்டுகளை நீங்கள் வெட்டிக் கொடுங்கள், ஒட்டுவது அவன். பட்டையின் இரண்டு முனைகளையும் ஸ்டேப்ளர் அடிக்காமல் துளை போட்டு நாடாவால் கட்டுங்கள். உள்பக்கம் பழைய பனியன் துணியை மடித்து ஒட்டிவிட்டால் சொறிய மாட்டான். வாடகைக் கிரீடத்தில் போன வருஷத்துக் கிருஷ்ணரின் பேன் வருவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மயில் தோகை எங்கேயாவது கிடைத்தால் செருகுங்கள், இல்லாவிட்டால் காகிதத்தில் வரைந்துகொள்ளலாம். புல்லாங்குழலுக்குச் செய்தித்தாளைத் துடைப்பக் குச்சி மேல் இறுக்கிச் சுருட்டி ஒட்டி, குச்சியை உருவிவிடுங்கள். நாங்கள் சின்ன வயதில் பப்பாளி இலைக் காம்பில்தான் ஊதினோம். அது மறுநாளே வதங்கிவிடும், பாலும் வடியும், மேடைக்குச் சரிவராது. உடம்புக்கு நீலம் வேண்டவே வேண்டாம். சொட்டு நீலம் கரைத்துப் பூசிவிட்டு, பிள்ளை அரிக்கிறது என்று அழுததைப் பார்த்தவள் சொல்கிறேன்.

இன்னொன்று, இது யாரும் சொல்ல மாட்டார்கள். வேட்டியை எலாஸ்டிக் டிரௌசர் மேல் நாலு தையல் போட்டு இணைத்துவிடுங்கள். டிரௌசரோடு சேர்ந்து இறங்கும், சேர்ந்து ஏறும். பஞ்சகச்சம் கட்டிவிட்டால் பார்க்க அழகுதான், ஆனால் பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தால் மிஸ் என்ன செய்வார்? நாலாம் நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அப்படியே தோசை கொடுங்கள். எங்கே குத்துகிறது, எது நழுவுகிறது என்று அப்போது தெரிந்துவிடும். ஐந்தாம் நாளில் சரி செய்துகொள்ளலாம்.

கே: மூன்று வயது மகளோடு இந்த வருஷம் நாங்களே களிமண்ணில் பிள்ளையார் பிடிக்கலாம் என்று ஆசை. கண்ணுக்குக் குன்றிமணி கடையில் வாங்க வேண்டுமா, எங்கள் வேலியிலேயே இருக்கிறது, அது போதுமா? (வாசகி, விருதுநகர்)

ப: இரண்டும் வேண்டாம். பிள்ளையார் கண்ணென்றால் குன்றிமணி என்பது நம் வழக்கம்தான், பொற்கொல்லர்கள் தங்கத்தையே அதை வைத்து நிறுத்தார்கள். ஆனால் அது கடும் விஷம். முழுசாக இருக்கும்போது மேல் தோல் காப்பாற்றலாம், கடித்து மென்று விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிவப்பும் கறுப்புமாகப் பளபளவென்று இருப்பதை மூன்று வயதுப் பிள்ளை வாயில் போடாமல் என்ன செய்யும்? வேலியில் இருக்கும் கொடியையும் பிள்ளைக்கு எட்டும்படி விடாதீர்கள், முடிந்தால் பிடுங்கிவிடுங்கள். மிளகு வைக்கலாம் என்பார்கள். அது மூக்குக்குள் போகும். ஈர்க்குச்சியால் இரண்டு குத்து குத்தச் சொல்லுங்கள், கண் வந்துவிடும்.

மண்ணில் கல் பொறுக்குவது, தண்ணீர் தெளித்துப் பிசைவது இரண்டும் அவளிடமே போகட்டும். பெரிய உருண்டை தொப்பை, சின்ன உருண்டை தலை, பாம்பு மாதிரி உருட்டினால் தும்பிக்கை. ஒட்டுகிற இடத்தில் மட்டும் குச்சியால் கீறிவிட்டு, கொழகொழவென்று கரைத்த களிமண்ணைத் தடவி அழுத்துங்கள். இல்லாவிட்டால் காய்ந்ததும் தும்பிக்கை தனியாகக் கழன்று விழும், பிள்ளை ஊரைக் கூட்டும். எருக்கம்பூ மாலையை நீங்கள் கோத்துக்கொள்ளுங்கள், அந்தப் பால் கண்ணில் படக் கூடாது. வர்ணம் பூசாமல் விட்டால் வீட்டு வாளியிலேயே கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

கே: அம்மா, பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறோம். பேத்திக்கு ஆறு வயது. எங்கள் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைக் காட்டினேன். "நாமே செய்யலாமா தாத்தா" என்கிறாள். முட்டை ஓட்டில் செய்யலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கொலுப்படியில் முட்டை ஓடா என்று என் மனைவி ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறாள். (ஒரு தாத்தா)

ப: வீட்டம்மா சொல்வதைக் கேளுங்கள் ஐயா, வீட்டில் நிம்மதி முக்கியம். கொட்டாங்கச்சி இருக்கிறதே!

தஞ்சாவூர் பொம்மை என்று நாம் சொல்வதில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, தலை, இடுப்பு என்று தனித்தனியாகக் கம்பியில் நின்று ஆடுவது. இன்னொன்று, எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்து உட்காருகிற ராஜா ராணி. 2008-09இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை அந்த ஊர்ப் பொம்மைக்கு. பேத்தியால் செய்ய முடிவது இரண்டாவது தினுசு. அதில் மாயம் ஒன்றும் இல்லை: அடி உருண்டையாக, கனமாக இருக்கும், மேலே லேசாக இருக்கும். சாய்த்தால் அடிக்கனம் இழுத்து நிமிர்த்திவிடும்.

கண் இல்லாத பக்கத்துத் தேங்காய் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அடிதான் வழுவழுவென்று உருண்டிருக்கும். நார் போக உப்புத்தாளால் தேய்க்கிற வேலையைப் பேத்திக்குக் கொடுங்கள். அரை மணி நேரத்துக்கு வீட்டில் சத்தமே இருக்காது. கழுவிக் காய்ந்ததும் பாதி உயரத்துக்குக் களிமண்ணை அழுத்தி நிரப்பி, இரண்டு நாள் நிழலில் வையுங்கள். காய்ந்தால் மண் சுருங்கிக் கொட்டாங்கச்சியை விட்டு விலகும், ஆட்டினால் கடகடக்கும். அந்த இடுக்கில் பசையை ஊற்றிவிட்டால் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மேலே காகிதத்தில் ஒரு கூம்பு. இங்கேதான் எல்லோரும் தவறுவது. அழகாக இருக்கட்டும் என்று கெட்டி அட்டையில் உயரமாகச் செய்வார்கள், பொம்மை குப்புறப் படுத்துவிடும், எழுந்திருக்காது. பழைய நோட்டுத்தாளே போதும், உயரம் ஒரு சாண் வேண்டாம், அரைச் சாண். முகமும் மீசையும் அவள் இஷ்டம். விழுந்தால் திட்டாமல் கூம்பை ஒரு விரல் வெட்டிவிட்டு மறுபடி தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தடவை வெட்டினால் அவளுக்கே கணக்கு பிடிபட்டுவிடும்.

படிக்குக் கீழே பார்க் வைப்பீர்கள் அல்லவா? வெந்தயத்தை ராத்திரி ஊற வைத்து, மகாளய அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்பே ஒரு தட்டில் மண் பரப்பித் தூவச் சொல்லுங்கள். கொலு வைக்கும்போது புல்வெளி தயார்.

கே: ஃபெவிகால் டப்பா டப்பாவாகத் தீர்கிறது. வேறு வழி? (ஒரு வாசகி, திருச்சி)

ப: ஒரு பங்கு மைதா, நாலு பங்கு தண்ணீர். பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கிண்டினால் பசை. காகிதத்துக்கும் அட்டைக்கும் இதுவே போதும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில் துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம், பிள்ளை இருக்கும் வீட்டில் கூடாது. அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் கிண்டுங்கள், மறுநாள் புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

கே: என் மகள் எதைச் செய்தாலும் பத்து நிமிஷம்தான் உட்காருகிறாள். பாதியில் எழுந்து ஓடிவிடுகிறாள். வயது மூன்றரை. (வாசகி, காரைக்குடி)

ப: பத்து நிமிஷம் உட்காருகிறாளா? பால்வாடியில் அவளை முதல் வரிசையில் உட்கார வைத்திருப்பேன்.

கே: செய்த சாமானெல்லாம் வீட்டில் மலை மாதிரி குவிகிறது. தொட்டால் அழுகிறான். எப்படி டீச்சர் எறிவது? (ஒரு வாசகி, சென்னை)

ப: ராத்திரி, அவன் நன்றாகத் தூங்கிய பிறகு. ஒரு தடவைக்கு இரண்டு உருப்படிக்கு மேல் வேண்டாம், குறைந்ததைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கூடையின் அடியில் வைத்து மேலே வெங்காயத் தோலும் செய்தித்தாளும் போட்டு மூடுங்கள். நான் ஒரு தடவை சோம்பல்பட்டு மேலாகவே போட்டுவிட்டேன். காலையில் என் பையன் குப்பைக் கூடையிலிருந்து தன் காகித யானையை எடுத்துக்கொண்டு வந்து, என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பல் தேய்க்கப் போனான். அந்த யானை அடுத்த தீபாவளி வரை டிவி மேலேயே இருந்தது.