இருமும் மாடும் பச்சைப் பாலும்

கேள்வி: எங்கள் கறவை மாடு இரண்டு மாதமாக இருமி மெலிகிறது, காசநோய் என்கிறார்கள். தோட்டச் சம்பளத்தோடு இந்தப் பால் காசில்தான் வீடு ஓடுகிறது. என்ன செய்வது?
- வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, இருமலை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், நுரையீரல் புழுவாலும் மாடு இருமும். அரச மிருக வைத்தியரிடம் சொல்லி, காசநோயைக் கண்டுபிடிக்கும் டியூபர்குலின் பரிசோதனை கேளுங்கள். தோலில் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளப்பார்கள். அதுவரை மாட்டைத் தனியே கட்டுங்கள், பிள்ளைகளுக்குப் பச்சைப் பால் வேண்டவே வேண்டாம், பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும்.

உறுதியானால் மாட்டை அகற்றத்தான் சொல்வார்கள். மனசு கேட்காதுதான், ஆனால் மறைத்து விற்றால் நோய் இன்னொரு பட்டிக்குப் போகும். அந்த நட்டத்தை உங்கள் தலையில் மட்டும் போடுவது அநியாயம், இழப்பீடோ மாற்று மாடோ கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரச ஆஸ்பத்திரியில் சளியைச் சோதியுங்கள், இலவசம்தான்.