நெருப்பு மிருகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். 'தி ஸ்டார்ம் ரைடர்ஸ்' என்ற ஹாங்காங் படத்தைப் பள்ளி நாட்களில் அண்ணனோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 1998இல் வந்தது. காமிக்ஸிலிருந்து எடுத்த படம். காற்று, மேகம் என்று இரண்டு சீடர்கள். அதில் ஒருவனுடைய குடும்பத்தையே அழித்தவன்தான் இருவருக்கும் குரு. அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய படம் கிடையாது.

போன மாதம் தோழிகளுக்குப் போட்டுக் காட்டினேன். குகைக்குள் நெருப்பு மிருகம் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு இந்தப் படம் பற்றிப் பார்வையாளர்கள் எழுதியவற்றைத் தேடித் தேடிப் படித்தேன். ஹாங்காங் கற்பனைப் படங்களில் இதுதான் மைல்கல் என்கிறார் ஒருவர். பழைய வீடியோ கேம் போல போலியாக இருக்கிறது என்கிறார் இன்னொருவர். காமிக்ஸுக்குச் செய்த துரோகம், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்றெல்லாம் இருக்கிறது. இதில் எது சரி? காமிக்ஸ் படிக்காமல் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டா? 2009இல் வந்த அடுத்த படத்தைப் பார்க்கலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது நீங்கள் நடுவில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்காக. 'நானும் சிரித்துவிட்டேன்.' இந்தச் சிரிப்பைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருவதற்கு முன் மற்றதை முடித்துவிடுகிறேன்.

காமிக்ஸ் படிக்காமல் கருத்துச் சொல்லலாமா? தாராளமாக. படம் பார்க்க நுழைவுத் தேர்வு வைக்க முடியாது. காமிக்ஸுக்குத் துரோகம் என்பவர்களை விட்டுவிடுங்கள். மா விங்-ஷிங் 1989இல் தொடங்கிய தொடர் அது. படம் வெளியானபோதும் கதை முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் எதைச் சொன்னாலும் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். புரியவில்லை என்கிறவர்களுக்கும் அதே பதில்தான். அந்தப் படம் முதலில் எடுக்கப்பட்டது கதையைத் தெரிந்துகொண்டு வந்து உட்கார்ந்த ஹாங்காங் பார்வையாளர்களுக்கு. கூத்துப் பார்க்கப் போகிறவர் துகிலுரிதலில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளவா போகிறார்? இன்றைக்கு துச்சாதனன் எப்படி வருகிறான், திரௌபதி எப்படி நிற்கிறாள் என்று பார்க்கத்தான் போகிறார். இந்தப் படத்தில் காற்று, மேகம் இருவருக்கும் மேலே மூத்த சீடன் ஒருவனும் உண்டு. குரு தன் வித்தையை மூன்றாகப் பிரித்து மூன்று சீடர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறான். காற்றுக்கு உதை, மேகத்துக்கு உள்ளங்கை, மூத்தவனுக்கு உறைபனி முஷ்டி. மூன்றும் சேர்ந்தால்தான் குருவின் முழு பலம். காமிக்ஸ் வாசகனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் தோழிகளுக்கு ஒரு வரியில் சொல்லியிருந்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். வெளிநாட்டுக்கென்று நிறைய வெட்டிக் குறைத்த பிரதி ஒன்றும் உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் புரியவில்லை என்று எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

சரி, இப்போது 'போலியாக இருக்கிறது.'

ம., இதை ஒரு கருத்து என்றே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனிதன் உள்ளங்கையை நீட்டினால் அதிலிருந்து ஒளி கிளம்பிப் பாறை பிளக்கும் என்பது எந்தக் கணினியில் செய்தாலும் நிஜமாக இருக்கப் போவதில்லை. நடக்கவே முடியாத ஒன்றை நடப்பது போல இல்லை என்று குறை சொல்வதற்குக் கண் எதற்கு?

இந்த வகைப் படம் கணினியோடு பிறந்ததும் அல்ல. 1928இல் ஷாங்காயில் 'செந்தாமரைக் கோயில் எரிப்பு' என்று ஒரு படம் வந்தது. நாவலிலிருந்து எடுத்தது. ஓடிய ஓட்டத்தில் 1931 வரைக்கும் பாகம் பாகமாகப் பதினெட்டு எடுத்தார்கள். பறக்கும் வாள்கள், மந்திரச் சண்டைகள். இன்று அதன் பிரதி கிடையாது. ஆனால் பார்த்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. எழுத்தாளர் மாவ் துன் 1933இல் ஒரு கட்டுரையில் அரங்கத்துக்குள் நடந்ததை எழுதியிருக்கிறார். வாள்வீரர்கள் மோதும்போது கூட்டம் ஆரவாரிக்கிறது, அவர்களுக்கு அது சினிமாவாகவே இல்லை, நிஜமாக இருக்கிறது என்கிறார். அவர் இதைப் பாராட்டி எழுதவில்லை, கவலைப்பட்டு எழுதினார். அரசாங்கம் அதற்கு முன்பே, 1931இல், மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்று அந்தப் படத்தைத் தடை செய்திருந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்று தடை போட்ட அதிகாரியும் இன்று 'போலி' என்று எழுதுகிறவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இருவருக்கும் சினிமா நிஜத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஒருவருக்கு ஜனங்கள் நம்பிவிட்டார்கள் என்ற பயம். மற்றவருக்குத் தான் நம்பிவிடுவோமோ என்ற பயம். சிரிப்பு அந்தப் பயத்திலிருந்து வருவது. தோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நீங்கள் சிரித்தீர்களே, அது நெருப்பு மிருகத்தைப் பார்த்து வந்த சிரிப்பு இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் தன்னைச் சின்னப் பெண் என்று நினைத்துவிடக் கூடாதே என்று வந்த சிரிப்பு. அண்ணனோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்த சிறுமியை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள். எனக்குக் கோபம் அதில்தான். திட்டுகிறேன் என்று வருத்தப்படாதீர்கள். அந்தச் சிறுமி பார்த்ததுதான் சரியான பார்வை என்று நம்புவதால்தான் திட்டுகிறேன்.

1964இல் ஹாங்காங்கில் 'புத்தரின் உள்ளங்கை' என்று கண்டோனீஸ் மொழியில் கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. அதில் கையிலிருந்து கிளம்பும் கதிர்கள் ஃபிலிமின் மேல் கையால் வரையப்பட்டவை. கோடுகள் நடுங்குவது தெரியும். அலை அலையாக ஒரு கதிர் போய் எதிராளியின் கதிரை முட்டும், இரண்டும் நடுவில் நின்று தள்ளும். 1983இல் ஹாங்காங் இயக்குநர் சுய் ஹார்க் 'ஜு' என்ற மந்திரச் சண்டைப் படத்துக்காக அமெரிக்காவிலிருந்து தொழில்நுட்பக்காரர்களை வரவழைத்தார். 1998இல் கணினி வந்தது. கருவி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பலத்தை வெளியே வரைந்து காட்டுவது என்ற வேலை மாறவே இல்லை. காமிக்ஸ் செய்வதும் அதையேதான். வரைந்ததை வரைந்ததாகப் பார்க்கத் தெரியாதவர் காமிக்ஸ் பக்கத்தைப் பார்த்து, இது தாள்தானே என்று சொல்ல வேண்டும். அப்படி யாரும் சொல்வதில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் அந்தக் காமிக்ஸ் இதழ்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. சீன மொழியில். எனக்கு ஓர் எழுத்து தெரியாது. மதிய இடைவேளைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் மட்டும் பார்ப்பேன். ஒரு பக்கம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒருவன் உள்ளங்கையை நீட்டியிருக்கிறான். தூரிகையால் தீட்டிய வண்ணம், முடியின் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிகிறது. அடி விழுந்தாயிற்று, ஆனால் அவன் முகத்தில் வெற்றி இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே நரம்பு புடைத்திருக்கிறது, பின்னங்கால் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது, கால் இறங்கிய இடத்தில் தரை விண்டிருக்கிறது. எதிராளியை நான் பார்க்கவே இல்லை. அந்தப் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பலம் வெளியே போனது என்பதை ஓவியர் ஒளியில் காட்டவில்லை, காலில் காட்டியிருந்தார். பக்கத்தில் இருந்தவர் அடுத்த பக்கத்தைத் திருப்ப அவசரப்பட்டார், நான் விடவில்லை. "இதில் பார்க்க என்ன இருக்கிறது, கதை அடுத்த பக்கத்தில்தானே" என்றார்.

இந்த வகைப் படத்தை அளக்க எனக்கு அந்தக் கால்தான் அளவு. ஒளி எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அடிக்கிற உடம்பு அந்த அடிக்குத் தயாராகிறதா, அடித்த பின் அதற்கு விலை கொடுக்கிறதா, வாங்குகிறவன் உண்மையில் வாங்குகிறானா என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் 'தி ஸ்டார்ம் ரைடர்ஸ்' சில இடங்களில் எழுந்து நிற்கிறது, சில இடங்களில் விழுகிறது.

எழுந்து நிற்பது பெரும்பாலும் சோனி சிபாவால். குருவாக நடித்த ஜப்பானியர். கராத்தே ஆசான் மாஸ் ஓயாமாவிடம் கற்ற மனிதர். அவர் கையை உயர்த்தும்போது அசைவு தோளிலிருந்து தொடங்கி விரலுக்கு வருகிறது. கணினி பின்னால் என்ன வரைந்தாலும் அது அந்தத் தோளிலிருந்து புறப்பட்டதாகவே இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அந்த இருக்கை அவரைச் சுமப்பது தெரிகிறது. இந்த இரண்டு சிறுவர்களால் நீ உயர்வாய் என்று சோதிடன் சொன்ன பாதியை வைத்துக்கொண்டு வாழ்ந்தவன், அவர்களாலேயே விழுவாய் என்ற மறுபாதி தெரியவந்ததும் சொந்த மகளையே அவர்களுக்கு நடுவில் போடுகிறான். அந்த நீசத்தனத்தை எடை உள்ள ஓர் உடம்பு செய்யும்போதுதான் நமக்கு வயிறு கலங்குகிறது.

மேகமாக வரும் ஆரோன் குவோக் பாடகர், ஆட்டக்காரர். சண்டைக்காரர் அல்ல. ஆனால் ஆடிப் பழகிய உடம்புக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒரு கையை இழந்த பிறகு அவர் நிற்கும் நிலையே மாறுகிறது, கவனித்துப் பாருங்கள். காற்றாக வரும் எகின் செங் அழகாக இருக்கிறார், முடி அழகாகப் பறக்கிறது. அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இயக்குநர் ஆண்ட்ரூ லாவ் ஒளிப்பதிவாளராக இருந்து வந்தவர். ஹாங்காங் இயக்குநர் வாங் கார்-வாயின் முதல் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர்தான். சீனாவின் லெஷானில் மலைப்பாறையைக் குடைந்து செய்த 71 மீட்டர் புத்தர் சிலைமேல் காற்றின் அப்பா போடும் சண்டையில் அவர் கண் வேலை செய்கிறது. அவ்வளவு பெரிய அமைதிக்கு மேல் இரண்டு எறும்பு மனிதர்கள் மானத்துக்காக வெட்டிக்கொள்கிறார்கள்.

நெருப்பு மிருகம் வரும் இடம் விழுகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது போலியாக இருப்பதால் விழவில்லை. அதனோடு மோதுகிறவரின் உடம்பில் மோதிய அடையாளம் இல்லை. வெப்பத்துக்கு முகம் சுருங்கவில்லை, கால் பின்வாங்கவில்லை. எதிரே ஒன்றும் இல்லாத இடத்தில் நின்று நடித்தது தெரிகிறது. 1964இல் ஃபிலிமில் வரைந்த நடுங்கும் கோட்டுக்கு முன்னால் நின்ற நடிகர்கள் தலையில் மலை விழுந்தது போல முழங்கால் மடிந்து நின்றார்கள். அந்தக் கோட்டை நான் நம்புகிறேன், இந்த நெருப்பை நம்பவில்லை. உங்கள் தோழிகள் இதைச் சொல்லியிருந்தால் நான் எழுந்து கை குலுக்கியிருப்பேன்.

எது சரியான கருத்து என்று கேட்டீர்கள். மைல்கல் என்று எழுதியவரும் அந்த ஆண்டின் வசூலை வைத்துத்தான் பேசுகிறார். ஹாலிவுட் படங்கள் ஹாங்காங் அரங்குகளை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் உள்ளூர்ப் படம் ஒன்று 4 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் வசூலித்தது அவர்களுக்குப் பெரிய விஷயம்தான். அது ஹாங்காங் சினிமாவின் நெஞ்சுரம். நீங்கள் படத்தில் என்ன பார்த்தீர்கள் என்பதை அது சொல்லாது.

2009 படத்தைப் பாருங்கள். பாங் சகோதரர்கள் எடுத்தது, அதே இரண்டு நடிகர்கள், எதிரியாக சைமன் யாம். பெரும்பகுதி, பின்னணியைப் பிறகு கணினியில் சேர்ப்பதற்கான நீலத் திரைக்கு முன்னால் படமாக்கப்பட்டது. பதினோரு ஆண்டுகளில் கணினி எவ்வளவோ முன்னேறிவிட்டது, ஒவ்வொரு சட்டகமும் காமிக்ஸ் பக்கம் போலவே இருக்கும். 'போலி' என்று எழுத யாருக்கும் எளிதில் இடம் கிடைக்காது. எனக்கு அதில் கால் தரையில் பதிந்த ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் எந்த நிமிடத்தில் என்று எழுதுங்கள், நான் மறுபடி பார்க்கிறேன். அண்ணனோடு சேர்ந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அவர் எங்கே சிரிக்கிறார் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.