பவளமல்லி இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிறது. நட்டு மூன்று வருடமாகியும் பூவே இல்லை. செடி செத்துவிட்டதா?

பெரும்பாலும் செத்திருக்காது. மாசி, பங்குனியில் இலையைக் கொட்டுவது பவளமல்லியின் இயல்பு. ஒரு கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டி, பச்சை தெரியும் இடம்வரை வெட்டிவிடுங்கள்.

இந்த நேரத்தில் பலரும் பயந்துபோய் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இலையில்லாத செடி தண்ணீரை அதிகம் இழுக்காது. மண் சொதசொதவென்று கிடந்தால் வேர் அழுகிவிடும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

பூக்காததற்கு முதலில் வெயிலைப் பாருங்கள். ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மதில் நிழலில் இலை தழைக்குமே தவிர மொட்டு வராது. யூரியா போட்டிருந்தாலும் இதே கதைதான். விதையில் முளைத்த செடி என்றால் முதல் பூவுக்கு இரண்டு மூன்று வருடம் எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் பொறுக்கலாம்.

அடுத்தது கவாத்து. அந்த வருடம் விட்ட புதுக் கிளைகளின் நுனியிலும் இலைக்கணுக்களிலும்தான் பூக்கும். அதனால் மொட்டையாக நிற்கும் இப்போதே, துளிர்ப்பதற்கு முன், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். கணுவுக்கு அரை அங்குலம் மேலே வெட்டினால் எதிரெதிராக இரண்டு துளிர் வரும். ஆடிக்குப் பிறகு கத்தரியைத் தொடாதீர்கள். வெட்டுவது அந்த வருடப் பூவைத்தான்.

துளிர்த்ததும் மக்கிய தொழு உரம் இரண்டு கிலோ, எலும்புத்தூள் ஒரு கைப்பிடி, தண்டிலிருந்து ஓரடி தள்ளிப் போட்டு மண்ணைக் கிளறிவிடுங்கள். தொட்டி என்றால் 18 அங்குலத்துக்குக் குறையாமல், அடியில் துளையோடு இருக்கட்டும். உரத்தில் கால் பங்கு போதும். மழைக்காலத்தில் புழு இலையைத் தின்னும். கையால் பொறுக்கிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

வெட்டிய குச்சிகளை எறிய வேண்டாம். பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளக் குச்சிகளை, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஆற்றுமணலும் தென்னைநார்க் கழிவும் கலந்து நிழலில் நடுங்கள். எல்லாம் வேர் பிடிக்காது, பத்துக் குச்சியாவது வையுங்கள். விதை இன்னும் சுலபம்: தட்டையான காசுபோன்ற காயைப் பிரித்தால் பாதிக்கு ஒரு விதை இருக்கும். இரவு ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள்.

பூ இரவில் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். தரையில் விழுந்ததைப் பொறுக்கினால் மண் ஒட்டும், இதழ் கசங்கும். படுக்கப் போகுமுன் அடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிடுங்கள்.