முதுகுப் பையோடு வியட்நாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பேக்பேக்கை மாட்டிக்கொண்டு தனியாக வியட்நாம் கிளம்புகிறேன். வெளிநாடு போவது இதுதான் முதல் முறை. ஹனோயில் இறங்கியதும் எப்படி இருக்கும்? பத்து நாளில் நாடு முழுக்கப் பார்த்துவிடலாமா?

பதில்: இறங்கியதும் சாலையைக் கடக்கவே முடியாது என்றுதான் தோன்றும். ஹனோயின் பழைய நகரப் பகுதியில் நடைபாதை இருக்கிறது, நடக்க இடம்தான் இல்லை. பாதியில் ஸ்கூட்டர்கள் நிற்கும், மீதியில் முழங்கால் உயரத்துக்குக் கூட வராத பிளாஸ்டிக் ஸ்டூல்களில் உட்கார்ந்து ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், அதனால் நீங்களும் பையோடு சாலையில் இறங்கி பைக் கூட்டத்துக்குள் நடக்க வேண்டியதுதான். எதிரே வரும் பைக் உங்களுக்காக நிற்காது. மெதுவாக, ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருங்கள். நீங்கள் அடுத்து எங்கே இருப்பீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள், நடுவில் பயந்து நின்றாலோ ஓடினாலோ அந்தக் கணக்கு தப்பிவிடும். இதெல்லாம் பைக்குக்கு மட்டும். பஸ், கார் வந்தால் பேசாமல் நின்று வழி விடுங்கள்.

பத்து நாளில் முழு நாடா? வேண்டாம். வடக்கே ஹனோயிலிருந்து தெற்கே சைகோன் (ஹோ சி மின் நகரம்) வரை ரயில் பாதையே 1,726 கி.மீ., எங்கும் இறங்காமல் போனாலும் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானத்தில் தாவித் தாவிப் போகலாம்தான், அப்புறம் ஊரைவிட ஏர்போர்ட்டைத்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால் ஹனோய், ஹுவே, ஹோய் ஆன், அவ்வளவு போதும், சைகோன் இன்னொரு தடவை. (சைகோன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.) ஹுவேயிலிருந்து டா நாங் (ஹோய் ஆனுக்கு அங்கேதான் இறங்க வேண்டும்) போகும் ரயிலை மட்டும் பகலில் பிடியுங்கள், இடது பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள். ஹை வான் மலையைச் சுற்றிக்கொண்டு ரயில் கடலை ஒட்டியே ஊர்ந்து போகும்.

ஹோய் ஆன் வரை போய்விட்டு மீ சன் பார்க்காமல் திரும்பாதீர்கள். சுமார் 40 கி.மீ. தூரம். மத்திய வியட்நாமை ஒரு காலத்தில் ஆண்ட சம்பா அரசர்கள் 4-ஆம் நூற்றாண்டிலிருந்து சிவனுக்குக் கோயில் கட்டிய இடம், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில். இப்போது நிற்பவை செங்கல் கோயில்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோயிலே சரிந்துவிட்டது, குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. நம் இந்தியத் தொல்லியல் துறைதான் அங்கே சில கோயில்களைச் சீரமைத்தது. அந்த வேலை நடக்கும்போது 2020-இல் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஒரே கல்லில் செய்த லிங்கம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து முழுசாகக் கிடைத்தது. வழிகாட்டிப் பலகைகளில் பத்ரவர்மன், பத்ரேஸ்வரர் என்று படித்துக்கொண்டே போகும்போது, அதுவரை எல்லாமே புதிதாக இருந்த ஊர் சட்டென்று பக்கத்தில் வந்துவிடும். காலையில் சீக்கிரம் போங்கள், செங்கல் சூடாகிவிட்டால் நிற்க முடியாது.

கேள்வி: நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

பதில்: கிடக்க வேண்டாம், ஆனால் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் சாஸ் எல்லாவற்றிலும் இருக்கும். ‘சாய்’ (chay) என்று பலகை வைத்த கடைகளைத் தேடுங்கள், பௌத்தர்களுக்கான சைவக் கடைகள் அவை. அங்கே பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுவதால் அந்த நாட்களில் கூட்டமும் அதிகம், வகைகளும் அதிகம்.

கேள்வி: பணம் எப்படி? லட்சக்கணக்கில் கேட்கிறார்களாமே?

பதில்: ஆமாம், பயப்படாதீர்கள், டாங் மதிப்பு அப்படி. கடைக்காரர் ஐம்பது என்றால் 50,000 டாங், கடைசி மூன்று பூஜ்யத்தைச் சொல்லவே மாட்டார்கள். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலம், இரவில் டாக்ஸியை விட்டு இறங்கும் அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் இருபத்தைந்து மடங்கு போய்விடும். பெரிய நோட்டுகளைத் தனி மடிப்பில் வையுங்கள்.

கேள்வி: ஸ்லீப்பர் பஸ் நல்லதா? எந்த மாதம் போகலாம்?

பதில்: ஏறும்போதே செருப்பைக் கழற்றி, கொடுக்கிற பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். படுக்கை குட்டை, உயரமானவர்கள் கால் நீட்ட முடியாது, எனக்கு ரயில்தான் பிடிக்கும். மாதம் சொல்வது கஷ்டம், வடக்கும் தெற்கும் வேறு வேறு வானிலை. ஜனவரியில் ஹனோய் ஸ்வெட்டர் கேட்கும், அதே வாரம் சைகோனில் வியர்க்கும். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் ஏறும். டெட் புத்தாண்டு ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும், அந்த வாரம் டிக்கெட் கிடைக்காது, பாதிக் கடைகள் மூடியிருக்கும். மார்ச், ஏப்ரல் என்றால் வடக்கு, நடு, தெற்கு மூன்று பகுதிக்கும் ஓரளவு ஒத்து வரும்.

விசாவை அரசின் இ-விசா தளத்திலேயே எடுங்கள், அதே மாதிரி தோற்றத்தில் கமிஷன் தளங்கள் நிறைய உண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடியுங்கள்.