சுமையை எங்கே, எப்படிக் கொடுப்பது? செட்டிநாட்டுப் பொறியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஒரு பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, சுமையில் அது எப்படி வளையும் என்று கணக்கிடும் ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருளில் சுமை கொடுப்பது பற்றிக் காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்த கேள்விகளுக்கு, என் பணி அனுபவத்திலிருந்து பதில் தருகிறேன்.

தேவகோட்டை, பட்டறை நடத்துபவர்: ஐயா, 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிக்கு ஆங்கிள் இரும்பில் ஸ்டாண்டு அடிக்கிறோம். நான்கு குறுக்குச் சட்டங்களின் மேல்முகங்களைத் தேர்ந்தெடுத்து 9,810 நியூட்டன் கொடுத்தேன். சட்டங்கள் நம்ப முடியாத அளவுக்கு வளைவதாகத் திரை காட்டுகிறது. இப்படி வளையவே வளையாது என்று எங்கள் வெல்டர் அடித்துச் சொல்கிறார்.

உங்கள் வெல்டர் சொல்வதுதான் சரி. நீங்கள் அனுப்பிய கோப்பில் நான்கு கால்களின் அடியில் உள்ள செங்குத்து எதிர்விசைகளை, அதாவது தரை மேல்நோக்கித் தாங்கும் விசைகளைக் கூட்டினேன். 9,810 வர வேண்டிய இடத்தில் 39,240 வருகிறது. நீங்கள் பயன்படுத்தும் சாலிட்வொர்க்ஸ் சிமுலேஷனில் விசையை ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாகவும் கொடுக்கலாம், மொத்தமாகவும் கொடுக்கலாம். முதல் தெரிவு இருந்ததால் ஒவ்வொரு சட்டத்தின் மீதும் ஒரு முழுத் தொட்டி ஏறிவிட்டது. சுமை எத்தனை மடங்கோ வளைவும் அத்தனை மடங்கு என்னும் நேரியல் கணக்கு என்பதால் வளைவும் அப்படியே நான்கு மடங்கானது. ஆன்சிஸ் மெக்கானிக்கல் என்ற வேறொரு மென்பொருளில் பல முகங்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் கொடுத்த விசை அவற்றுக்கிடையே பகிரப்படும் என்பதால், அங்கிருந்து இங்கு வருபவர்கள் இந்த இடத்தில் தவறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எதிர்விசையைக் கூட்டிப் பார்க்காத அறிக்கையில் நான் கையெழுத்திடுவதில்லை.

காரைக்குடி, பொறியியல் மாணவி: 60 கிலோ எஃகுச் சட்டத்துக்குப் புவியீர்ப்பை மட்டும்தான் கொடுத்தேன். தகைவு (ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை) கோடிக்கணக்கில் வருகிறதே, ஐயா?

நீங்கள் மில்லிமீட்டரில் வரைந்துவிட்டு, அடர்த்தியை மீட்டர், கிலோ கணக்குக்குரிய 7,850 என்று இட்டிருக்கிறீர்கள். மில்லிமீட்டர், நியூட்டன், விநாடி என்று வேலை செய்தால் நிறையின் அலகு டன்; ஆகவே எஃகின் அடர்த்தி 7.85 × 10⁻⁹, புவியீர்ப்பு முடுக்கம் 9,810. திருத்திய பிறகு எதிர்விசை ஏறத்தாழ 589 நியூட்டன் வரும்.

கானாடுகாத்தான், பழைய வீடுகளைச் செப்பனிடுபவர்: முகப்பில் நிற்கும் பர்மா தேக்குத் தூணின் தலையில் உத்திரத்தின் சுமை 20,000 நியூட்டனை ஒரு புள்ளியில் வைத்தேன். மெஷ்ஷை (துண்டுகளின் வலையை) 10 மி.மீ., 5 மி.மீ., 2.5 மி.மீ. என்று நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகிறது. எந்த எண்ணை எடுத்துக்கொள்வது?

மூன்றையும் விட்டுவிடுங்கள். புள்ளிக்குப் பரப்பு கிடையாது. பரப்பில்லாத இடத்தில் விசையை வைத்தால் கோட்பாட்டின்படியே தகைவுக்கு எல்லை இல்லை, மெஷ் சிறுக்கும்போதெல்லாம் அந்த எல்லையின்மையை நோக்கி ஓரடி நகர்கிறீர்கள். உத்திரம் தூணின் தலையில் 200 × 200 மி.மீ. அளவுக்கு உட்கார்ந்திருந்தால், அந்தப் பரப்பைத் தனியே பிரித்து 0.5 மெகாபாஸ்கல் (சதுர மி.மீ.க்கு 0.5 நியூட்டன்) அழுத்தமாகக் கொடுங்கள். தூணின் நடுப்பகுதி மட்டும் தேவையென்றால் புள்ளிச்சுமையே போதும். சுமை வைத்த முறையின் பாதிப்பு ஏறத்தாழத் தூணின் அகலம் அளவு தூரத்துக்குள் அடங்கிவிடும் என்பது செயின்ட் வெனான் கோட்பாடு.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நூறாண்டு நின்ற வீட்டில் உத்திரம் தூணின் நடு மையத்தில்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நேரில் சென்று அளந்து பாருங்கள். மையத்திலிருந்து 25 மி.மீ. விலகியிருந்தால்கூட 500 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்பம் சேர்ந்துவிடுகிறது. இந்த விலகலைத் தொலைவுச் சுமையாக, அதாவது மையத்திலிருந்து விலகிய புள்ளியில் செயல்படும் சுமையாகக் கொடுக்கலாம். ஆனால் அதை முகத்தோடு இணைக்கும்போது விறைப்பான இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் தூணின் தலை வளையவே முடியாத கல்லைப் போலாகிவிடும்; சுமையைப் பகிர்ந்து மட்டும் தரும் இணைப்பே இங்குப் பொருந்தும். தேக்கின் விறைப்பு நார் ஓடும் திசையில் ஒன்று, குறுக்கே அதைவிட மிகக் குறைவு என்பதால் எஃகைப் போல எல்லாத் திசைக்கும் ஒரே மதிப்பை இட வேண்டாம். தூண் கல் பீடத்தின் மேல் வெறுமனே நிற்கிறது. அடியை ஒட்டிவைத்ததுபோல் பிணைத்தால், இல்லாத வலிமையைத் தூணுக்குக் கொடுத்தவர்கள் ஆவோம்.

பள்ளத்தூர், மாவு மில் இயந்திரம் பழுதுபார்ப்பவர்: பெல்ட்டின் இழுவையைத் தண்டில் எப்படிக் கொடுப்பது?

இறுகிய பக்கம் 600, தளர்ந்த பக்கம் 200 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இணையாக இழுத்தால் தண்டை வளைப்பது அவற்றின் கூட்டுத்தொகை, 800. தண்டைத் திருகுவது வித்தியாசமான 400. புல்லியின் ஆரம் 150 மி.மீ. என்றால் 60 நியூட்டன் மீட்டர். பலர் வித்தியாசத்தை மட்டும் கொடுத்துவிட்டு வளைவை மறந்துவிடுகிறார்கள். புல்லியின் துளையில் விசையை முழு வட்டத்துக்கும் பரப்பாதீர்கள். தண்டு துளையின் ஒரு பாதியைத்தான் அழுத்தும், மறுபாதியைப் பிடித்து இழுக்காது. பேரிங் சுமை என்ற வசதி இதற்காகவே உள்ளது.

அதே தேவகோட்டைக்காரர்: தொட்டியின் சுவருக்கும் விசையே கொடுக்கலாமா?

வேண்டாம். தண்ணீர் சுவருக்குச் செங்குத்தாக அழுத்துகிறது, ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடுகிறது. நீர்மட்டத்தில் பூஜ்ஜியம், 1.2 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 0.0118 மெகாபாஸ்கல் என்று சீராக ஏறும் நீர் அழுத்தமாகக் கொடுங்கள். அடித்தளத்துக்கும் அதே அழுத்தத்தைக் கொடுத்துவிட்டு, எதிர்விசைகளை இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள்; தண்ணீரின் எடை வர வேண்டும்.